கடல் கடந்து வந்த ஈயம்

கொல்லிமலையின் சிறு கோயில்கள் சிலவற்றில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் கற்கள் குவிந்து கிடக்கும். ஆற்றங்கரைக் கூழாங்கல் என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. கையில் எடுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஒரு முனை திரண்டிருக்கும், மறுமுனை சரிந்து இறங்கி வெட்டுவாயாக முடியும். விரலால் தடவினால், யாரோ நாள்கணக்கில் நீர்விட்டு இன்னொரு கல்லில் தேய்த்துத் தேய்த்து எடுத்த வழவழப்பு தட்டுப்படும். அவை புதிய கற்காலத்துக் கைக்கோடரிகள். ஏர் உழும்போதோ மண் வெட்டும்போதோ கிடைத்தவற்றை மலையாளி பழங்குடியினர் கொண்டுவந்து சாமியிடம் சேர்த்திருக்கிறார்கள். ஏற்காட்டிலும் கல்வராயனிலும் சவ்வாது மலையிலும் இதே வழக்கம் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புருஸ் ஃபூட், சேர்வராயன் மலைக் கோயில்களில் இத்தகைய கோடரிகள் வழிபாட்டில் இருப்பதைப் பார்த்துப் பதிவு செய்தார்.

கல்லுக்கு அடுத்து இந்த மலைகளில் என்ன வந்தது? பள்ளிப் பாடநூலைக் கேட்டால் வெண்கலம் என்று சொல்லும். கல், வெண்கலம், இரும்பு என்ற வரிசையைக் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களை அடுக்கிவைத்த கிறிஸ்டியன் தாம்சன் வகுத்தார். 1836இல் அது நூலாக வந்தது. டென்மார்க் மண்ணுக்கு அந்த வரிசை சரியாகவே பொருந்தியது. சிந்துவெளிக்கும் ஒருவாறு பொருந்தும். தமிழ் நிலத்துக்குப் பொருந்தவில்லை. இங்கே கல்லிலிருந்து நேரே இரும்புக்குப் போனார்கள். இடையில் செம்பு ஆங்காங்கே தலைகாட்டுகிறது, ஆனால் வெண்கலத்தை வைத்து ஒரு காலத்துக்குப் பெயரிட முடியவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் பொ.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் மாதிரிகள் அதையும் தாண்டி பொ.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குப் போவதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் சொன்னது. இந்த ஆண்டுகள் பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. ஆனால் வரிசை பற்றிய ஐயம் பழையது, வலுவானது: தமிழ்நாட்டில் வெண்கலக் காலம் என்று ஒன்று இல்லை.

வெண்கலப் பொருள்களோ உண்டு. அதுவும் உலகத் தரத்தில். இந்த முரணை எண்ணிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் வெண்கலம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஏறிய பொருள்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். செம்பு 1085 டிகிரி செல்சியசில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் கூடினால் செம்பைவிடக் குறைந்த சூட்டில் உருகி, செம்பைவிடக் கடினமாக உறையும். செம்போடு சேர வெள்ளீயம் வேண்டும், வெள்ளீயமோ இங்கே மண்ணில் இல்லை. இந்தியாவில் பஸ்தர் பகுதியில் கொஞ்சம் கிடைக்கிறது. பெரிய அளவில் கிடைப்பது கடலுக்கு அப்பால், இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்து மலேசியத் தீபகற்பம் வரை நீளும் நிலத்தில். தமிழில் கடாரம் என்று பெயர் பெற்ற நிலமும் அந்த வரிசையில்தான் வருகிறது. மேற்கிலிருந்தும் வெள்ளீயம் வந்தது. பொ.ஆ. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான ‘பெரிப்ளுஸ்’, சேரர் துறைமுகமான முசிறிப் பக்கம் இறங்கிய சரக்குகளில் செம்பையும் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சேர்த்துச் சொல்கிறது.

கொல்லிமலையைச் சேரர் கைக்கொண்டது சங்க இலக்கியம் சொல்லும் கதை. வல்வில் ஓரியைத் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறைக்குக் கொடுத்தான். இரும்பொறை மரபினரின் பெயர்கள் கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. ஓரியின் வள்ளன்மைக்காகத் தமிழகம் அவனை நினைக்கிறது, அவன் பெயரில் ஒவ்வோர் ஆடியிலும் செம்மேட்டில் விழா நடக்கிறது. கரூரிலிருந்து மேற்கே போகும் பெருவழியில் உள்ள கொடுமணலில் இரும்பை உருக்கினார்கள், கல்மணிகளைக் கடைந்தார்கள். அங்கே ஒரு சிறு வெண்கலப் புலி கிடைத்தது. அதன் உடலில் நிறக்கற்கள் பதித்திருக்கிறார்கள். இரும்பு அந்த ஊர்க்காரர்களின் அன்றாடம். புலி செய்ய மட்டும் தொலைதூரத்து உலோகத்தை எடுத்தார்கள்.

நீலகிரியிலும் இதே கதை. மாவட்டத்தின் முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் மலையுச்சிக் கல்வட்டங்களைத் தோண்டியபோது, மண் உருவங்களோடு வெண்கலக் கிண்ணங்களும் வெளிவந்தன. பெரும்பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆதிச்சநல்லூரிலும் முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்கள், எருமையும் மானும் பறவையும் நிற்கும் மூடிகள். இரும்புப் பொருள்கள் ஏராளமாக இருந்த சமூகங்கள் இவை. இறந்தவர் கையோடு போக வேண்டியது என்று அவர்கள் ஒதுக்கியது வெண்கலத்தை.

அந்தக் கிண்ணங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்பது தனியாகச் சொல்லத் தக்கது. உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் நீலகிரி, ஆதிச்சநல்லூர்க் கிண்ணங்களை ஆராய்ந்து, அவற்றில் நூற்றுக்கு 23 பங்கு அளவில் வெள்ளீயம் இருப்பதைக் காட்டினார். அவ்வளவு வெள்ளீயம் கலந்த வெண்கலம் ஆறிய நிலையில் கண்ணாடி மாதிரி நொறுங்கும், சுத்தியல் பட்டால் போயிற்று. ஆனால் செந்தணலில் பழுக்கவைத்தால் ஒரு குறிப்பிட்ட சூட்டு எல்லைக்குள் அது இளகி அடிக்கு வளைந்துகொடுக்கும். வெண்கலக் கைவினைஞரான கன்னார் தட்டைப் பழுக்கக் காய்ச்சி, சிவப்பு மங்குவதற்குள் அடித்து, மங்கியதும் மறுபடி உலையில் வைத்து, மறுபடி அடித்து, விளிம்பு தாள்போல் மெலிந்ததும் தண்ணீரில் முக்குவார். முக்குவதால்தான் அந்த உலோகம் நொறுங்கும் நிலைக்குத் திரும்பாமல் நிற்கிறது. இரும்பைத் தண்ணீரில் முக்கினால் இறுகும். இது நேர்மாறு, முக்கினால் தாங்கும். இதைக் கண்டுபிடித்தவர் எத்தனை கிண்ணங்களை உடைத்திருப்பார் என்று எண்ணும்போது அவர் மீது பெரிய மரியாதை வருகிறது. இந்த முறை அழிந்துவிடவில்லை. பாலக்காட்டுப் பக்கம் பய்யங்காடியில் 1990களிலும் இவ்வாறு அடிப்பவர்கள் இருந்ததைச் சாரதா பதிவு செய்திருக்கிறார். வெள்ளீயத்தை இன்னும் கூட்டி, மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுபோனால் உலோகம் வெள்ளி நிறத்தில் மெருகேறும். அதுதான் ஆறன்முளைக் கண்ணாடி.

வெள்ளீயம் கூடக் கூட உலோகத்துக்கு ஓசை வரும். கோயில் மணியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளீயம் இருக்கும். அடித்ததும் எழும் ஓசை உடனே அடங்காமல் இழுத்துக்கொண்டு போவது அதனால்தான். சேகண்டி, சல்லரி, தாளம் எல்லாவற்றுக்கும் இதுவே உயிர். பரத நாட்டிய மேடையில் நட்டுவனார் தட்டும் தாளத்தைப் பார்த்தால் ஒன்று வெண்கலம், மற்றொன்று இரும்பு என்று இருக்கும். இரும்பு தட்டுகிறது, வெண்கலம் பேசுகிறது.

‘வெண்கலக் குரல்’ என்ற தொடர் இங்கிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் அந்தத் தொடரைச் சொன்னால் முதலில் வருகிற பெயர் கே. பி. சுந்தராம்பாள். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். கொல்லிமலைக்குத் தென்மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது அந்த ஊர். ஒலிபெருக்கி வராத காலத்து நாடகக் கொட்டகையில், தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். இனிமை மட்டும் போதாது. எழும்போதே கணீரென்று எழுந்து, தேயாமல் தூரம் போக வேண்டும். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது. அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. பின்னால் சீர்காழி கோவிந்தராஜனுக்கும் இதே அடைமொழி நிலைத்தது. பொன் குரல், வெள்ளிக் குரல் என்று யாராவது புகழ்ந்தால் அதில் உயர்வு தெரியும், தன்மை தெரியாது. வெண்கலக் குரல் என்றால் காதில் கேட்டுவிடும். வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல என்ற பழமொழிக்கும் உயிர் ஓசைதான். மண்பானைக் கடையில் யானை புகுந்தால் நட்டம் பெரிது, சத்தம் சிறிது.

ஓசைக்காக வார்த்த ஒரு தமிழ் மணி மிகத் தொலைவு போயிருக்கிறது. 1836 வாக்கில் வில்லியம் கோலென்சோ என்ற மதபோதகர் நியூசிலாந்தின் வடபகுதியில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். அது பாத்திரமன்று. விளிம்பு உடைந்துபோன மணியின் மேற்பகுதி, கவிழ்த்துவைக்கப்பட்டு அடுப்பேறியிருந்தது. சுற்றிலும் தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் செய்தி. இப்போது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழில் கலம் என்றால் பாத்திரம், கலம் என்றால் கப்பலும். ஒரு மரக்கலத்தின் வெண்கலம், அந்தப் பெண்களின் கையில் சமையற்கலமாகியிருக்கிறது.

தெய்வ உருவங்களுக்கு வரும்போது வெண்கலம் என்ற சொல் பின்வாங்குகிறது. அருங்காட்சியகமும் செய்தித்தாளும் ‘சோழர் வெண்கலம்’ என்று எழுதுகின்றன. செய்வித்தவர்கள் செப்புத் திருமேனி என்றார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த 60க்கு மேற்பட்ட படிமங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. பாதம் முதல் முடி வரை எத்தனை விரல், எத்தனை திருக்கை, கனமாகச் செய்ததா, பொள்ளலாகச் செய்ததா என்று அளவெடுத்து எழுதியிருக்கிறார்கள். அந்தத் திருமேனிகளில் இன்று அங்கே எஞ்சியிருப்பவை மிகச் சில. கல்லில் எழுதிய அளவு நிற்கிறது, அளவுக்குரிய உருவம் இல்லை. அந்த வரிகளைப் படிக்கும் எவருக்கும் இது வலிக்கும்.

ஊர் வழக்கில் அவை பஞ்சலோகம். பொன்னும் வெள்ளியும் சேர்ந்த ஐந்து உலோகம் என்பது நம்பிக்கை. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது சோழர் காலத்து உருவங்கள் பெரும்பாலும் செம்பு, வெள்ளீயம், காரீயம் கலந்தவை என்று தெரிந்தது. பொன்னும் வெள்ளியும் துளியளவே. இதனால் பக்தி குறைந்துவிடாது, வார்த்தவரின் அறிவும் கூடத் தெரிகிறது. காரீயம் சேர்த்தால் உருகிய உலோகம் வண்டல் மண் அச்சுக்குள் நகம், விரலிடுக்கு, சடைநுனி என்று எல்லா இண்டு இடுக்கிலும் ஓடி நிறையும். ஆனால் ஓசை மங்கிவிடும். எனவே மணி வார்ப்பவர் காரீயத்தை ஒதுக்குவார், உரு வார்ப்பவர் அழைத்துக்கொள்வார். கோயிலுக்குள் நாம் வெண்கலம் என்று ஒரே பெயரில் சொல்லும் இரண்டு பொருள்களில் ஒன்று பேசப் பிறந்தது, மற்றொன்று மௌனமாக நிற்கப் பிறந்தது.

இன்றைய சுவாமிமலைப் பட்டறைகளில் மெழுகில் உருவைச் செய்து, காவிரி வண்டலைப் பூசி, கம்பி கட்டி, சுட்டு, மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அப்படியே தொடர்கிறது. ஊற்றப்படும் உலோகம் மாறியிருக்கிறது. பெரும்பங்கு செம்பு, அதோடு பித்தளையும் காரீயமும். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். ஆக, வெள்ளீயம் வெளியேறிவிட்டது, பெயர் தங்கிவிட்டது.

சோழருக்கு வெள்ளீயம் எவ்வழியாக வந்தது என்ற கேள்வியோடு சில சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கலாம். தாய்லாந்தின் தகுவா பா, வெள்ளீயம் விளையும் பகுதி. அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் ஒரு குளத்தை விட்டதை அது சொல்கிறது. அக்கரையிலிருந்த ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தார், இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை விட்டான். 1856 தொடங்கி அந்த நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து 300க்கு மேற்பட்ட புத்தப் படிமங்கள் வெளிவந்தன. 1025இல் இராசேந்திரன் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான். அந்தப் படையெடுப்பை ஈயத்துக்காக என்று சுருக்கிவிடக் கூடாது. ஆனால் வங்கக் கடலின் இருகரையையும் பிணைத்த சரக்குகளில் பட்டும் கற்பூரமும் மட்டுமே கதையில் வருவதும், ஈயம் விடுபடுவதும் சரியில்லை.

கோயிலை விட்டு நீங்கியதும் செப்புத் திருமேனி வெண்கலமாகிவிடுகிறது. பத்தூர் நடராசர் 1976இல் மண்ணுக்கடியில் கண்டெடுக்கப்பட்டு, களவாக லண்டன் போய், நீதிமன்ற வழக்கில் மீட்கப்பட்டு 1991இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சிக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, 2014இல் திருப்பிக் கொடுத்தது. விற்ற சுபாஷ் கபூருக்கு, வேறொரு கோயிலின் சிலைக் களவு வழக்கில், 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது. விலை பேசுகிறவர்களின் பட்டியலில் இவை உலோகத்தின் பெயரால் எழுதப்பட்டன. ஊர்க்காரர்கள் தங்கள் சாமி என்றுதான் கேட்டு வாங்கினார்கள்.

இப்போது தமிழ்நாட்டில் வெண்கலம் என்ற சொல் அதிகம் ஒலிப்பது விளையாட்டுச் செய்தியில். அங்கே அதன் பொருள் மூன்றாமிடம். இந்தப் பொருளுக்கு வயது மிகக் குறைவு. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதலாவதாக வந்தவருக்கே வெள்ளிதான் தந்தார்கள். பொன், வெள்ளி, வெண்கலம் என்ற அடுக்கு 1904 செயின்ட் லூயிசில் தொடங்கியது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டிப் பொன், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிசில் 1.85 தாண்டி வெண்கலம் வென்றார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். வலக்கால் நசுங்கிய சிறுவன் எட்டு ஆண்டு இடைவெளியில் மூன்று முறை உலகின் முதல் மூவரில் ஒருவராக நின்றிருக்கிறார். அவருடைய வெண்கலத்தை ‘சறுக்கல்’ என்று படிக்கிறவர்கள் சென்டிமீட்டரைக் கணக்கில் எடுப்பதில்லை, எட்டு ஆண்டு அந்த உடலைத் தாங்கிய உழைப்பையும் எடுப்பதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டோக்கியோவில் தந்த வெண்கலப் பதக்கம் 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கொண்டது. கன்னாரிடம் காட்டினால் பித்தளை என்பார். பாரிஸ் பதக்கங்களின் நடுவிலோ ஈபெல் கோபுரத்திலிருந்து எடுத்த 18 கிராம் இரும்பு பதிக்கப்பட்டிருந்தது.

அடுக்களையில் வெண்கலத்துக்கு இருந்த இடம் மூன்றாமிடமாக இருந்ததில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும், புளி பட்டால் களிம்பேறும். வெண்கலப் பானைக்குப் பூச்சு வேண்டாம், ஈயம் உடம்பிலேயே கலந்திருக்கிறது. அடி கனம், சூடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், அரிசி அடிப்பிடிக்காமல் வேகும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்துக் கட்டி ஏற்றுகிற பானை, பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற பானை, கடன் என்றால் அடகுக் கடைக்குப் போய்த் திரும்புகிற பானை எல்லாம் அதுவே. விரிசல் விட்டாலும் வீணாகாது. எடைக்கு எடை கொடுத்துவிட்டுக் கூலி கட்டினால் கன்னார் உருக்கிப் புதிதாக வார்ப்பார்.

அந்தப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியதில் மலைகளுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1965 முதல் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அலுமினியம் உருக்கியது. அதற்கான பாக்சைட் கல் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டப்பட்டது. மேல்மண்ணைச் சீவி, சமவெளிபோல் விரிந்த உச்சிகளில் செம்பழுப்புக் கல்லைத் தோண்டி, லாரியில் ஏற்றிக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்கினார்கள். வெண்கலத்துக்கு ஒரு குன்றிமணி ஈயமும் தராத மலை, வெண்கலத்தைச் சமையற்கட்டிலிருந்து வெளியேற்றிய உலோகத்துக்குத் தன் தலையைக் கொடுத்தது. அலுமினியம் மலிவு, எடை குறைவு, கைதவறினாலும் காலில் பட்டு எலும்பு முறியாது. ஏழை வீட்டுப் பெண்களின் கைகளுக்கு அது தந்த ஓய்வைக் குறைத்துப் பேச முடியாது. பெயரிலும் அது ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிராமங்களில் அலுமினியக் குண்டானை ஈயக் குண்டான் என்றே சொல்கிறார்கள். கடல் கடந்து வந்து மணியாகவும் கிண்ணமாகவும் மாறிய ஈயத்தின் பெயர், உள்ளூர்க் கல்லில் எடுத்த வேறொரு வெள்ளை உலோகத்துக்குப் போய்விட்டது. மேட்டூர் உருக்காலை மூடி ஆண்டுகள் ஆகிவிட்டன, மலையில் வெட்டுவதும் நின்றது. வெட்டிய இடங்களில் அந்த மண்ணுக்குரிய மரமும் புதரும் மீள்வதற்கு இன்னும் நெடுங்காலம் ஆகும்.

இப்போது வெண்கலப் பாத்திரத்தைத் தேடி வாங்குகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கும்பகோணத்திலும் நாச்சியார்கோயிலிலும், கேரளத்தின் மான்னாரிலும் நடவரம்பிலும் பட்டறைகள் இயங்குகின்றன. ஆனால் கடைகளில் வெண்கலம் என்று விற்பதில் பித்தளை எவ்வளவு, உண்மையான வெண்கலம் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. தட்டிப் பார்க்கத் தெரிந்த பாட்டிமார் குறைந்துவிட்டார்கள். நகைக்கு ஹால்மார்க் முத்திரை இருப்பதுபோல, செம்பு எத்தனை பங்கு, வெள்ளீயம் எத்தனை பங்கு, காரீயம் சேர்ந்திருக்கிறதா என்று பானையின் அடியிலேயே பொறித்துக் கொடுக்கலாம். காரீயம் உடலுக்குக் கேடு என்பதால் சமைக்கும் பாத்திரத்துக்கு இது கட்டாயமாகவே வேண்டும். சரியான ஈயத்தை விலை கொடுத்து வாங்கி வார்க்கிற கன்னாருக்கும், பித்தளையைப் பெயர்மாற்றி விற்கிறவருக்கும் இடையே இன்று சந்தையில் ஒரே விலைப்போட்டி நடக்கிறது. அந்தப் பொறிப்பு வந்தால் முன்னவருக்குத் தொழில் நிலைக்கும்.